நடக்காத பதினைந்தாவது ரவுண்டு

எங்கள் ஊர் ஆண்களில் நரை கண்டவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தக் குத்துச்சண்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தது போலத்தான் சொல்வார்கள். ஆறாவது ரவுண்டில் நம்மாளு தடுமாறினான் என்பார் ஒருவர். இல்லை, பத்தாவதில்தான் என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். இன்னும் ஒருவர், எங்கள் வீட்டு முற்றத்தில் அதைப் போட்டுக் காட்டிய அன்று முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சத்தியமே செய்வார். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போகட்டும், ரசிகர்களிடம் கணக்குக் கேட்கக் கூடாது. அவர்களுக்குச் சண்டை ஞாபகமிருக்கிறது, அன்று மதகுப் பாலத்தில் ஒரு லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது ஞாபகமில்லை. எனக்கு முதலில் அந்த லாரிதான் ஞாபகம் வரும்.

நம்மாளு என்று ஊரே சொன்னது உலகச் சாம்பியனை. கடல் கடந்து எங்கோ பிறந்த மனிதர். கலிமா சொல்லி நம் மார்க்கத்துக்கு வந்துவிட்டார் என்பதால் எங்கள் ஆட்கள் அவரைப் பக்கத்துத் தெருப் பையனைப் போல உரிமை கொண்டாடினார்கள். அவர் அடி வாங்கினால் இங்கே சோறு இறங்காது.

நான் கும்பகோணத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அந்தச் சண்டை நடந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நோன்பு மாதம். விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பிட்டுவிட்டுத் தூங்காமல் என் அண்ணன்மார்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டு நிலையம், இரைச்சல்தான் அதிகம். ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. கொஞ்சம் நகர்ந்தால் "ஆடாம நில்லு" என்று மூன்று பேரும் கத்துவார்கள். பெரிய அண்ணன் இங்கிலீஷைக் கேட்டுத் தமிழில் சொல்வான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு, நம்மாளு அந்தக் காலையில் எதிராளியை நூறு தடவை கொன்றிருப்பான். கடைசியில் ஜெயித்துவிட்டான் என்றதும் எங்களைப் பெற்ற அத்தா உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. பிறகு அந்தச் சண்டை படமாகத் தியேட்டருக்கு வந்தபோது ஆண்கள் எல்லோரும் போனார்கள். கம்பியைப் பிடித்தவளை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற சாலையில். பாதி ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் கடையிலும் வயலிலும். அவர் துபாயில் இருந்தார். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, விடுமுறைக்கு வந்தவர் ஒரு கலர் டிவியும் வீடியோ டெக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த டெக்கை அவர் என்னைக்கூடத் தொட விடமாட்டார். பிள்ளை பெற்ற தாய்கூடப் பிள்ளையை அப்படிப் பொத்தி வைக்கமாட்டாள். கூடவே வந்த கேசட்டுகளில் ஒன்று அந்தச் சண்டை. அங்கே யாரோ டிவியிலிருந்து பதிவு செய்து கொடுத்தது. "ஒரு நாள் எல்லாரையும் கூப்ட்டுப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போடவில்லை.

போட நேரமில்லை. அந்தத் தை மாதம் ஊரே இரண்டாக நின்றது. சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆள் இல்லை. அறுப்புக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. கூட்டிக் கொடுத்தால் அடுத்த வருஷம் தலைமேல் ஏறுவார்கள் என்று நிலக்காரர்கள் சொன்னார்கள். மேடை ஏறினால் எல்லாக் கட்சியும் உழைக்கிறவன் பக்கம்தான். அறுப்பு வந்தால் போலீஸ் வேன் நிலக்காரர் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஆட்சி மாறினாலும் வேன் நிற்கிற இடம் மாறவில்லை.

எங்கள் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பெரிய நிலம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரிய நிலக்காரர்கள் கூடிப் பேசியபோது அவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வெளியூரிலிருந்து லாரியில் அறுப்பு ஆட்களைக் கொண்டுவருவது, ரைஸ்மில்லில் தங்கவைப்பது, விடிந்ததும் வயலில் இறக்குவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வரும். அதற்கு முன்னால் பைக்கில் போய் வழி காட்டி மில்லுக்குள் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பை யார் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்? விடுமுறைக்கு வந்த என் வீட்டுத் துரைதான்.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"எங்க வாப்பா நெலம். நான் போவாம எவன் போவான்?"

"மதகுல சங்கத்து ஆளுங்க மறிப்பாங்களாம்."

"மறிக்கட்டும். பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்வதாக ஆண்கள் சொல்லும்போதுதான் எனக்குப் பயம். அவருக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. மதகில் மறிக்கப்போகிறவர்களுக்கு முன்னால் நிற்கப்போவதும் வேறு யாரோ இல்லை. அவரோடு ஒரே பெஞ்சில் படித்த ஆள், இப்போது சங்கத்துக்குச் செயலாளர். ஒருவரை ஒருவர் வாடா போடா என்று பேசிக்கொண்ட இரண்டு பேர். அந்தச் சண்டைப் படத்தைத் தியேட்டரில் சேர்ந்து பார்த்தவர்களும்தான். மற்ற ஆட்கள் மாமாவை முதலாளி என்று கூப்பிட்ட காலத்திலேயே அவர் மட்டும் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேரைச் சொன்னாலே முகம் மாறும். தலை உடைந்தாலும் போச்சு, கேஸ் ஆனாலும் போச்சு. போலீசில் பேர் ஏறிவிட்டால் துபாய்க்குத் திரும்பிப் போவது எப்படி? எனக்கு அன்று இரவு முழுக்க ஒரே துஆதான்: யா அல்லா, என் வீட்டு ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை மீன்காரம்மா கொல்லைப் பக்கம் கூடையை இறக்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தெரு வீடுகளில் ஒரு கொல்லைக்கும் அடுத்த கொல்லைக்கும் நடுச்சுவரில் சின்னக் கதவு உண்டு. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே தெருக்கோடி வரைக்கும் போய்வரலாம். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சொல்தான்: "ஜும்மா முடிஞ்சதும் எங்க வூட்ல அந்த ஃபைட்டு போடுறாரு. ஒங்க வூட்டு ஆம்பளைங்களை வரச் சொன்னாரு." எந்த வீட்டிலும் ஏன் என்று கேட்கவில்லை. டெக் பார்க்கக் கூப்பிட்டால் அந்தக் காலத்தில் யார் ஏன் என்று கேட்பார்கள்?

திரும்பி வந்தபோது மீன்காரம்மா இன்னும் வாளை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அடுத்து சங்கத்துக்காரர் தெருவுக்குத்தான் கூடையோடு போவார் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அங்க சங்கத்துக்காரர்கிட்ட ஒரு சேதி சொல்லணும். எங்க வீட்டுக்காரர் வரச் சொன்னாருன்னு. சண்டை டெக்கு போடுறாருன்னு சொல்லுங்க."

மீன்காரம்மா கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"அவருதான்."

"சரி, அவருதான்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், மட்டும் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெரிய தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, "எத்தனை பேருக்குப் போட?" என்று மட்டும் கேட்டார்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கைகூடக் கழுவவில்லை, அதற்குள் முற்றத்தில் ஆள் நிறைய ஆரம்பித்துவிட்டது. நல்ல சட்டை போட்டு, அத்தர் மணக்க, ஆளாளுக்கு "என்ன, கடைசில மனசு எறங்கிட்டீங்க போல" என்று கேட்டுக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லியே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் முழித்த முழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். வந்தவர்களிடம் நான் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. வீட்டு வாசலை மிதித்தவருக்கு முன்னால் வீட்டுக்காரன் எழுந்து போகவும் முடியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

டெக்கில் கேசட்டை நுழைக்கும்போது வாசலில் பேச்சு நின்றது. சங்கத்துக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார், தோளில் சிவப்புத் துண்டு. யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூப்ட்டு அனுப்புனியாமே" என்றார் அவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவுதான், லாரி வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முற்றத்தில் ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ஆமா. உக்காரு" என்றார்.

"ரொம்ப நேரம் இருக்க முடியாது. வேலை இருக்கு."

"எனக்கும்தான் வேலை இருக்கு. உக்காரு."

மாமி எல்லோருக்கும் போன அதே கண்ணாடி டம்ளரில் அவருக்கும் தேநீர் அனுப்பினார். அவர் ஓரமாக நிற்கப் போனார், முத்தவல்லி நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

சண்டை ஆரம்பித்தது. பெண்கள் நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றோம். ரேடியோவில் இரைச்சலாகக் கேட்டது கண் முன்னால் நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு புழுக்கமா அங்கே! இரண்டு பேருக்கும் வியர்வை ஊற்றியது. முதலில் நம்மாளு விளையாட்டாக அடித்தான். பிறகு எதிராளி குனிந்து குனிந்து உள்ளே வந்து விலாவில் இறக்க ஆரம்பித்தான். முடிவு எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ஒவ்வொரு அடிக்கும் முற்றம் "ஆ" என்றது. "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று முத்தவல்லி டிவியைப் பார்த்துக் கத்தினார். பழைய ரசிகர்கள் தங்களுக்கு ஞாபகம் இருந்தபடி சண்டை நடக்காததற்குக் கேசட்டைக் குறை சொன்னார்கள். மாமிக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. "அந்தப் புள்ளையையும் ஒருத்தி பெத்துருக்காளே, கண்ணு வீங்கிப்போச்சே" என்று எதிராளிக்காகவும் உருகினார். அன்றைக்குக் கரண்ட்டும் போகவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

மாமா சினிமா பார்க்கமாட்டார், பார்ப்பது தப்பு என்பார். அதனால் டிவிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சண்டையில் நாற்காலி கொஞ்சம் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். பத்தாவது ரவுண்டில் நேராக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தஸ்பீஹ் மடியில் கிடந்தது.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. மதகுப் பாலத்திலிருந்து, நீளமாக. லாரி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். அதே நேரத்தில் சங்கத்துக்காரரும் எழுந்தார். ஒருவர் கையில் பைக் சாவி, இன்னொருவர் தோளிலிருந்த துண்டு இப்போது கையில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், மறைக்குது!" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"உக்காருங்கய்யா ரெண்டு பேரும்! நம்மாளு அடிக்கிற நேரத்துல எந்திரிச்சி நிக்கிறீங்க?"

"தலை, தலை! தலையை எறக்கு!"

முற்றம் மொத்தமும் கத்தியது. தியேட்டரில் படத்துக்கு நடுவே எழுந்தவனைக் கத்துவது போலவே கத்தினார்கள். முத்தவல்லி சங்கத்துக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தே விட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடம் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டது. ஹாரன் மறுபடி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. வழிகாட்ட ஆள் வராமல் லாரிக்காரன் என்ன செய்வான்? மறிக்கச் சொல்ல ஆள் இல்லாமல் பாலத்தில் இருந்தவர்களும் வெறுமனே சாலையில் உட்கார்ந்திருந்தார்களாம், பிறகு கேள்விப்பட்டேன்.

பதினாலாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தது. எதிராளிக்கு ஒரு கண் சுத்தமாக மூடிவிட்டது, இன்னொன்றும் தெரியவில்லை போலிருந்தது. ஆனாலும் எழுந்து போகத் துடித்தான். அவனைப் பழக்கின பெரியவர், சொந்த ஆள்தான், அவனை எழவிடவில்லை. உட்கார வைத்துவிட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். முற்றத்தில் ஒரே கூச்சல், கைதட்டல். நம்மாளு ஜெயித்துவிட்டான்.

மாமா மட்டும் கைதட்டவில்லை. அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். "ஏன் நிறுத்திட்டான்? இன்னும் ஒரு ரவுண்டுதானே?" என்று கேட்டார்.

யாரும் அவர் கேட்டதைக் கவனிக்கவில்லை. சங்கத்துக்காரர்தான் பதில் சொன்னார். "அந்த ஒரு ரவுண்டுக்குப் போனா பய செத்துருவான்னு பயந்துட்டாரு பாய். தோத்தாப் போவுதுன்னு விட்டுட்டாரு."

"தோத்தாப் போவுதுன்னா?"

"ஆமா பாய். புள்ள உசுரோட வீட்டுக்குப் போவணும்ல."

மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த நம்மாளும் நிற்க முடியாமல் தரையில் சரிந்துகொண்டிருந்தான். "ஜெயிச்சவனாலயும் நிக்க முடியலையே" என்றார் மாமா, தனக்குத்தானே சொல்வது போல. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க வாப்பா போறீங்க?" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"லாரிக்காரனைத் திரும்பிப் போவச் சொல்லிட்டு வர்றேன். நீ வராத." சங்கத்துக்காரர் பக்கம் திரும்பினார். "நீ வா. ஒன் ஆளுங்க எனக்கு வழி விடணும்ல. கூலி விஷயம் நடந்துக்கிட்டே பேசுவோம்."

அவர்கள் போனார்கள். நாங்கள் பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் லாரி முறுக்கித் திரும்புகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் திருத்துறைப்பூண்டிப் பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து போனது. மாமி சுவரில் சாய்ந்து, விட்டாரே ஒரு பெருமூச்சு! எனக்கு அழவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. பெரிய நிலக்காரர்கள் மாமாவோடு சில காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்து, அவர்களும் அதே கூலிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

மாமாவும் சங்கத்துக்காரரும் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மாமா உள்ளே போய்விட்டார். சைக்கிளை எடுக்கப்போன சங்கத்துக்காரரோடு என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நான் முற்றத்தில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நேத்துலேர்ந்து ஒரே யோசனைடா" என்றார் சங்கத்துக்காரர். "நீதான் முன்னாடி வருவேன்னு தெரியும். எங்க அடிக்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். தலையில மட்டும் வேணாம்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

என் வீட்டுக்காரர் பைக் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் அதெல்லாம் யோசிக்கலடா" என்றார் பிறகு. "பைக் பெட்டியில கம்பி வச்சிருக்கேன். தலையிலதான் போட்டிருப்பேன்."

நான் டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரவெல்லாம் நான் கேட்ட துஆ என் வீட்டு ஆளுக்காக. உடையப்போவது அவர் தலை என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளும் இரவெல்லாம் விழித்துத்தான் கிடந்திருப்பாள் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பயப்பட வேண்டியவள் நான் இல்லை, அவள்தான்.

மறுநாள் மத்தியானம் மாமா வயலிலிருந்து வந்தார். அறுப்பு ஆரம்பித்துவிட்டது, புருஷனும் பெண்டாட்டியுமாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்றார். முதல் நெற்கட்டைத் தலையில் வைத்துக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது சங்கத்துக்காரர்தானாம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே அல்லாவுக்கு நன்றி சொன்னேன். நெல்லுக்காகச் சொல்கிறேன் என்று மாமா நினைத்துக்கொண்டார்.